மனை முக்கோணம்: மூன்று கோணமும் சேர்ந்து 136.4 பாகைதான் வருகிறது, எங்கே தப்பு?

கேட்டவர்:
பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் மனைக்கு வேலி போட அப்பா டேப் பிடித்து அளந்தார்: 50, 70, 100 அடி. படம் வரைய வேண்டியது என் வேலை. 50-க்கு எதிர்க்கோணம் கொசைன் சூத்திரத்தில் 27.66 வந்தது. மற்ற இரண்டும் சைன் சூத்திரத்தில்: 70-க்கு 40.54, 100-க்கு 68.2. கூட்டினால் 180 வரவில்லை. ஆனால் ½ × 50 × 70 × சைன் 68.2 போட்டால் பரப்பு 1,625 சதுர அடி. ஹெரான் சூத்திரத்திலும் அதேதான். 10 அடிக்கு 1 செ.மீ. என்று வரைந்தால், 10 செ.மீ. இருக்க வேண்டிய பக்கம் 6.9-தான் இருக்கிறது!

பதில்:
தம்பி, 68.2-இல்தான் கோளாறு. சைன் 68.2, சைன் 111.8 இரண்டுமே 0.9285. சைனிலிருந்து கோணம் கேட்டால் கால்குலேட்டர் 90-க்குள் இருப்பதைத்தான் சொல்லும், விரிகோணத்தைக் காட்டாது. உங்களுக்கு வேண்டியது 111.8. பரப்புச் சூத்திரத்திலும் சைன்தானே இருக்கிறது, அதனால்தான் தப்பான கோணத்துக்கும் சரியான விடை வந்து உங்களை ஏமாற்றிவிட்டது.
முதலில் வர்க்கத்தைப் பாருங்கள்: 2500 + 4900 = 7400. இது 10000-ஐவிடக் குறைவு, ஆக நீளப் பக்கத்துக்கு எதிரே விரிகோணம். இனிமேல் பெரிய கோணத்தைக் கொசைனில் போடுங்கள். −26/70 என்று மைனஸிலேயே வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

கேட்டவர்:
சரி அண்ணா, புரிந்தது. இன்னொன்று: 100 என்பது 50-இன் இரண்டு மடங்கு. அப்போது கோணமும் இரண்டு மடங்காக 55.3 வர வேண்டாமா?

பதில்:
வேண்டாம். பெரிய பக்கத்துக்கு எதிரே பெரிய கோணம், அவ்வளவுதான் உறுதி. மடங்கு ஒத்துப்போவது சைனுக்குத்தான்: 0.4642, 0.9285. ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் 30-60-90 மூலைமட்டத்தை எடுத்து அளந்து பாருங்கள். நீளப் பக்கம் சின்னப் பக்கத்தைப்போல் இரண்டு மடங்கு, கோணமோ மூன்று மடங்கு.

இன்னொருவர்:
வரைவதற்குக் கோணமே எதற்கு? 10 செ.மீ. கோடு போட்டு, ஒரு முனையில் 5, மறுமுனையில் 7 என்று காம்பஸில் வில் வெட்டினால் மூன்றாவது மூலை கிடைத்துவிடும். மனையில் காம்பஸுக்குப் பதில் இரண்டு கயிறு.

கேட்டவர்:
வில் வெட்டிப் பார்த்தேன், பாகைமானியில் 112 காட்டுகிறது. இப்போது அப்பா கேட்பது கல்லுக்கால் எத்தனை என்று. சுற்றளவு 220 அடி, பத்தடிக்கு ஒன்று என்றால் 22 போதும்தானே?