நாசி கண்டாரில் பல குழம்பையும் ருசி பார்க்க எப்படிக் கேட்டு வாங்குவது?

செந்தூல்வாசி:
அடுத்த மாதம் நாங்கள் நாலு பேர் ஒரு நாள் பினாங்கு ஜார்ஜ்டவுன் போகிறோம். மதியம் நாசி கண்டார்தான், சோற்றின் மேல் பல குழம்பையும் ஊற்றித் தரும் சாப்பாடு. இருக்கிற குழம்பில் முடிந்தவரை எல்லாவற்றையும் ருசி பார்க்க ஆசை. ஆனால் நாலைந்து சட்டியிலிருந்து கலந்து ஊற்றிவிட்டால் எது மீன், எது கோழி என்றே தெரியாதே? எங்களில் ஒருவர் மாடு சாப்பிட மாட்டார். செலவும் கட்டுக்குள் இருக்க வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த்காரன்:
மாட்டு விஷயத்தை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். 'குவா சம்புர்' (கலந்த குழம்பு) என்றால் மீன், கோழி, மாடு மூன்றின் குழம்பும் சேர்ந்து வருவதுதான் வழக்கம். அதில் கறுப்பாக, இனிப்பாக இருப்பது பல கடைகளில் டாகிங் கிச்சாப், அதாவது சோயா சாஸில் சமைத்த மாட்டிறைச்சி. கரண்டியைத் தூக்குவதற்கு முன்பே 'தாக் மாவ் குவா டாகிங்' (மாட்டுக் குழம்பு வேண்டாம்) என்று சொல்லிவிட வேண்டும். ஊற்றிய பிறகு சொன்னால் தட்டையே மாற்ற வேண்டியிருக்கும். ஒரே கரண்டி எல்லாச் சட்டிக்கும் போய் வரும் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். அது ஒத்துவராது என்றால் லிட்டல் இந்தியாவில் வாழை இலைச் சாப்பாட்டுக் கடைதான் அவருக்குச் சரி. டால்ச்சாவை வெறும் பருப்பு என்று நம்பிவிடாதீர்கள், எலும்பு போட்டுக் காய்ச்சுவார்கள். ஆடா மாடா என்று கேட்காமல் வாங்க வேண்டாம்.

தனித்தனியாக ருசிக்க 'குவா அசிங்' (குழம்பு தனியாக) என்று கேளுங்கள், சின்னக் கிண்ணத்தில் தருவார்கள். பன்னிரண்டரைக்கு வரிசை நீளும்போது கேட்டால் நடக்காது. பதினொன்றுக்கே போய்விடுங்கள்.

ருசி பார்க்க மீன் குழம்பில் தொடங்குங்கள். புளியும் வெந்தயமும் அப்போதுதான் தெளிவாகத் தெரியும். அடுத்து கோழி. கிச்சாப் கடைசி. இனிப்பு நாக்கில் ஏறிவிட்டால் அதற்குப் பிறகு வரும் புளி வெறும் காட்டமாகத்தான் தெரியும்.

ஆயர் ஈத்தாம் அக்கா:
செலவைக் கூட்டுவது குழம்பு இல்லை தம்பி, துண்டுதான். எத்தனை சட்டியிலிருந்து ஊற்றினாலும் பொதுவாகக் குழம்புக்குத் தனிக் காசு கிடையாது. மீன் சினை, பெரிய இறால், மீன் தலை, பெரிய கணவாய், இந்த நாலும்தான் பில்லை ஏற்றும். மீனுக்கும் இறாலுக்கும் அளவைப் பார்த்து விலை சொல்வார்கள். அதனால் கையைக் காட்டி 'இது எவ்வளவு' என்று கேட்ட பிறகே தட்டில் போடச் சொல்லுங்கள். விலையைக் காட்சிக்கு வைப்பது கடைக்காரரின் சட்டக் கடமை, கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஆளுக்கு ஒரு சோறும் வெண்டைக்காயோ முட்டைக்கோசோ வாங்கிக்கொள்ளுங்கள். நடுவில் பங்கு போட ஒரு பொரித்த கோழி, ஒரு மீன், ஒரு கணவாய் போதும். ஆளுக்கு ஒரு தட்டு இறைச்சி வாங்கினால் வயிறும் தாங்காது, பையும் தாங்காது.

கேம்பல் ஸ்ட்ரீட் ரசிகன்:
பட்டர்வொர்த்காரர் சொன்னதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. கிண்ணத்தில் பிரித்துத் தொட்டுப் பார்த்தால் குழம்பு தெரியும், நாசி கண்டார் தெரியாது. துறைமுகத் தொழிலாளிகளுக்குத் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் காவடி போல் தடி வைத்து, ஒரு பக்கம் சோறும் மறு பக்கம் குழம்புமாகச் சுமந்து விற்ற சாப்பாடு இது. அந்தத் தடிதான் கண்டார். கலவைதான் இதன் உயிர்.

ஆகவே இரண்டு தட்டைப் பிரித்து வாங்குங்கள், இரண்டைக் கலந்து வாங்குங்கள். கலப்பதிலும் அளவு இருக்கிறது. மீன் இரண்டு கரண்டி, கோழி ஒன்று, கிச்சாப் அரை. கிச்சாப் கூடினால் தட்டு முழுக்க இனிப்பாகிவிடும். குருமாவை இதில் சேர்க்க வேண்டாம், புளி பட்டதும் அதன் மென்மை போய்விடும். வெள்ளைச் சோறு மட்டும் கேளுங்கள். பிரியாணிச் சோற்றில் நெய்யும் மசாலாவும் ஏற்கெனவே இருப்பதால் குழம்பின் குணம் அமுங்கிவிடும்.

இன்னொன்று. மேலாக அள்ளினால் வருவது எண்ணெய்தான், மசாலா அடியில் தங்கியிருக்கும். 'கலக்கி ஊற்றுங்க பாய்' என்று சொல்லுங்கள். நாலு மணிக்கு மேல் போனால் குழம்பு அடுப்பிலேயே சுண்டி உப்பு ஏறியிருக்கும். அப்போது 'பன்ஜிர்' (குழம்பு வெள்ளமாக) கேட்காதீர்கள், குறைவாக ஊற்றச் சொல்லுங்கள்.

கேம்பல் ஸ்ட்ரீட் ஹமீதியா 1907 முதல் இருக்கிறது. முதல் தடவை என்றால் அங்கிருந்து தொடங்கலாம்.

செந்தூல்வாசி:
ரொம்ப நன்றி. வீட்டுக்குத் தாப்பாவ் (பார்சல்) பண்ணிக்கொண்டு பஸ்ஸில் கோலாலம்பூர் வரலாமா?

ஆயர் ஈத்தாம் அக்கா:
வேண்டாம் தம்பி. வழி நாலு மணி நேரத்துக்கு மேல். சமைத்த சாப்பாடு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, தேங்காய்ப்பால் போட்ட குழம்பு இன்னும் சீக்கிரம் புளித்துவிடும். தங்குமிடத்துக்கு வேண்டுமானால் குழம்பைத் தனிப் பையில் கட்டச் சொல்லி வாங்கிப் போய் உடனே சாப்பிடுங்கள். அரை மணி நேரம் ஊறட்டும் என்றால் சோற்றோடு சேர்த்தே கட்டச் சொல்லலாம், அதுவும் தனி ருசி.