டேட்டா லொக்கர் புரோக்ராம் மாத்த உதவி வேணும்

வணக்கம் அண்ணாமார் அக்காமார், தம்பலகாமத்துல வயல் பக்கமா எங்கட வெதர் ஸ்டேஷன் ஒண்டு கிடக்கு, அதில இருக்கிறது சிஆர்1000 லொக்கர் (அளவுகளைப் பதிஞ்சு வைக்கிற கருவி). மழைமானியை மாத்தினது, பழசு ஒரு டிப்புக்கு (உள்ளுக்க இருக்கிற சின்ன வாளி ஒருக்காச் சரியிறதுக்கு) 0.2 மிமீ, புதுசு 0.254, அப்ப புரோக்ராமில டிப் எண்ணிக்கையைப் பெருக்கிற அந்த எண்ணை மாத்தாட்டி மாரி மழை முழுக்கக் குறைச்சுத்தான் பதியும். ஆனா புரோக்ராம் எழுதின ஆள் வெளிநாடு போட்டார், ஃபைல் ஒருத்தரிட்டயும் இல்ல.

லொக்கரின்ட சிபியு டிரைவில (உள் மெமரியில) கிடக்கிற .சிஆர்1 புரோக்ராம் ஃபைலை, லொக்கர் சொஃப்ட்வெயாரில இருக்கிற ஃபைல் கன்ட்ரோலால லாப்டொப்புக்கு எடுக்கலாம் எண்டு தெரியும். என்ர கேள்வி வேற. திருத்தினதைத் திரும்ப அனுப்பேக்க பழைய டேட்டா டேபிள் அழியும்தானே, முதல் டேட்டாவை இறக்கிப்போட்டு அனுப்பினா போதுமோ, இல்லாட்டி பழைய ஃபைலை வேற பேரில லொக்கரிலயே வச்சிட்டு புதுசை மட்டும் 'ரன் ஒன் பவர் அப்' (பவர் வரேக்க தானா ஓடுறது) குடுக்கிறது நல்லமோ? பிழைச்சா பழசுக்கு உடன திரும்பலாமெல்லோ.

இன்னொண்டு, லொக்கரோட இணைக்க லாப்டொப்பில சீரியல் போர்ட் இல்ல (இப்ப ஆர்ட்டத்தான் இருக்கு), திருகோணமலை டவுன் பக்கம் ஆரிட்டயாவது நல்ல யூஎஸ்பி-சீரியல் கேபிள் இரவலுக்குக் கிடைக்குமோ? மழை துடங்க முதல் செய்யோணும், தெரிஞ்சாக்கள் கொமென்ட்ல சொல்லுங்கோ.