மறைந்த அக்காவின் கதைகள் திறக்கவில்லை, ஞாயிற்றுக்குள் உதவி வேண்டும்

மலைத்தேன்:
எங்கள் இணையக் கதைக் குழுவின் அக்கா போன மாதம் தவறிவிட்டார். ஏற்காட்டுக் காப்பித் தோட்ட ஆட்களைப் பற்றி அவர் எழுதியது போல எழுத எங்களில் ஆளில்லை. பாதிப் பேர் அவரை நேரில் பார்த்ததுகூடக் கிடையாது. இருந்தும் யார் கதை போட்டாலும் முதலில் படித்துக் கருத்து சொன்னவர் அவர்தான். ஞாயிறு சேலத்தில் படத்திறப்பு. அன்றைக்கு அவர் கதைகளைச் சிறு தொகுப்பாகக் கொடுக்க ஆசை. பென்டிரைவில் இருக்கிறது, திறந்தால் கன்னாபின்னாவென்று வருகிறது. யாராவது சொல்லுங்களேன்.

மேட்டூரான்:
ஆழ்ந்த இரங்கல். வேர்டா, அச்சகங்களில் பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரா? கன்னாபின்னா என்றால் கட்டமா, கேள்விக்குறியா, ஆங்கில எழுத்தா?

சுகவனம்:
பென்டிரைவில் வைரஸ்தான். ஃபார்மட் செய்து பாருங்கள்.

மேட்டூரான்:
ஐயோ, ஃபார்மட் செய்தால் கதைகளே போய்விடும்! முதலில் எல்லாவற்றையும் நகலெடுங்கள்.

எழுத்தாணி:
இதெல்லாம் எப்போதோ தீர்ந்த விஷயம். தமிழக அரசே 2010-ல், எல்லாக் கணினியிலும் படிக்க முடிகிற பொது எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு வந்துவிட்டது. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கலாம்.

ஆத்தூர் தம்பி:
அவர் துக்கத்தில் கேட்கிறார் அண்ணா. மலைத்தேன் அக்கா, வேர்டு கோப்பு என்றால் வரியைத் தேர்ந்தெடுத்து, மேலே எழுத்துருப் பெட்டியைப் பாருங்கள். அந்த எழுத்துரு உங்களிடம் இல்லாவிட்டாலும் பெயர் தெரியும். சாதாரண ஆங்கில எழுத்தும் நடுநடுவே நிறைய அரைப்புள்ளியும் (;) வந்தால் அநேகமாகப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. அதில் மெய்யெழுத்துப் புள்ளிக்கு அரைப்புள்ளிதான் விசை. தலையில் கோடு, புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வந்தால் டாப், டாம், திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீடுகளில் ஒன்றாக இருக்கலாம். என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற மாற்றி மென்பொருளில் போட்டால் யூனிகோடாகும். அப்புறம் மெய்ப்பு பார்த்தே ஆகவேண்டும், ‘ர’வும் துணைக்காலும் (ா) இடம் மாறியிருக்கும்.

சுகவனம்:
அது இருக்கட்டும், அவர் வெளியிடாத கதைகளை அச்சடிக்கலாமா? எழுதியவர் இறந்தபின் முதன்முதலில் வெளியாகும் கதை என்றால், வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் வரை உரிமை வாரிசுகளுக்கு.

எழுத்தாணி:
சட்டம் ஒருபுறம். அரைகுறைக் கதையை வெளியே விடுவது அவருக்குச் செய்யும் மரியாதையா?

மேட்டூரான்:
முடித்ததை மட்டும் போடலாமே. அவர் குரலைக் கேட்கத்தானே எல்லாரும் வருகிறார்கள்.

எழுத்தாணி:
எது முடிந்தது என்று நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?

மலைத்தேன்:
பாமினியேதான்! தம்பி, ரொம்ப நன்றி. அவர் மகன்தான் பென்டிரைவ் கொடுத்தார், சம்மதமும் எழுதிக் கொடுத்திருக்கிறார். குழுவில் அக்காவே வாசித்த கதைகளை மட்டும்தான் போடுகிறோம். வேர்டில் இருந்தவை வந்துவிட்டன. காப்பிப் பூ கதை மட்டும் பேஜ்மேக்கரில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

ஆத்தூர் தம்பி:
செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பழைய அச்சகங்களில் விசாரியுங்கள், சிலர் இன்னும் பேஜ்மேக்கர் வைத்திருப்பார்கள். நகலை மட்டும் கொண்டு போங்கள், மூல பென்டிரைவ் வேண்டாம்.