உதவி: கேன்வாஸில் வரைந்த பூ விலைப் படத்தைச் சேமிக்க முடியவில்லை, செக்யூரிட்டி எரர் வருகிறது

தோவாளைத் தம்பி:
வணக்கம். தோவாளைப் பூச்சந்தையில் மாமா கடை வைத்திருக்கிறார். பிச்சி, மல்லி, கேந்தி, சம்பங்கி விலையை ஒரே படமாக்கி தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு வெப் பக்கம் எழுதியிருக்கிறேன். பூப் படத்தை கேன்வாஸில் (வெப் பக்கத்தில் படம் வரையும் பகுதி) வரைந்து, மேலே விலையை எழுதுகிறேன். திரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரிகிறது. 'சேமி' பொத்தானை அழுத்தினால் மட்டும், கேன்வாஸைப் படமாக வெளியே எடுக்கும் டூடேட்டாயூஆர்எல் வரியில் நின்று 'டெய்ன்டெட் கேன்வாஸஸ் மே நாட் பி எக்ஸ்போர்ட்டட்' (கறைபட்ட கேன்வாஸை வெளியே எடுக்க முடியாது) என்று கன்சோலில் சிவப்பாக வருகிறது. படங்கள் வேறு டொமைனில், ஒரு ஸ்டோரேஜில் இருக்கின்றன. படத்துக்கு கிராஸ்ஆரிஜின் அனானிமஸ் என்ற குறிப்பைப் போட்டால் படமே வரவில்லை. ஓணம் நெருங்குகிறது, கேரள வியாபாரிகள் விலை கேட்டுக்கொண்டே இருப்பார்கள். யாராவது உதவுங்கள்.

குழித்துறை:
குரோமை டிசேபிள்-வெப்-செக்யூரிட்டி என்று கொடுத்துத் திறந்து பாருங்கள், எரர் வராது.

நாகர்கோவில் அண்ணாச்சி:
அதைச் செய்ய வேண்டாம் தம்பி. உங்கள் லேப்டாப்பில் எரர் மறையும், மாமாவின் போனில் அப்படியே இருக்கும். அதோடு அந்தப் பிரவுசரில் நீங்கள் திறக்கும் எல்லாப் பக்கங்களுக்கும் பாதுகாப்பு போய்விடும்.

இந்தத் தடை எதற்கு என்று தெரிந்தால் தீர்வும் புரியும். வேறு தளத்தின் படத்தை யாரும் தன் பக்கத்தில் காட்டலாம். ஆனால் அதன் பிக்சல்களை ஜாவாஸ்கிரிப்ட் படிக்க முடிந்தால் ஆபத்து. நீங்கள் லாகின் செய்திருக்கும் ஒரு தளத்தில் உங்கள் ஆதார் ஸ்கேன் இருக்கிறது என்று வையுங்கள். ஏதோ ஒரு பக்கம் அதைக் கேன்வாஸில் வரைந்து, நகலெடுத்துத் தன் சர்வருக்கு அனுப்பிவிடலாம். அதனால்தான் அனுமதியில்லாத வெளிப்படம் ஒன்று விழுந்தாலே அந்தக் கேன்வாஸை பிரவுசர் 'டெய்ன்டெட்' என்று முத்திரை குத்தி வைக்கிறது. பிக்சல்களை வெளியே எடுக்கும் டூடேட்டாயூஆர்எல், டூபிளாப், கெட்இமேஜ்டேட்டா மூன்றும் மறுக்கும். கிளியர்ரெக்ட் கொடுத்து அழித்தாலும் முத்திரை போகாது.

கிராஸ்ஆரிஜின் போடுவது அனுமதி கேட்பது மட்டும்தான். ஸ்டோரேஜும் 'சரி' என்று பதில் சொல்ல வேண்டும். கேட்டபின் படமே வரவில்லை என்றால், அங்கிருந்து பதில் இல்லை என்று பொருள். பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் டேபில் அந்தப் படத்தைச் சொடுக்கி, ரெஸ்பான்ஸ் ஹெடரில் (சர்வர் பதிலோடு அனுப்பும் குறிப்புகள்) ஆக்சஸ்-கன்ட்ரோல்-அலவ்-ஆரிஜின் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஸ்டோரேஜின் கார்ஸ் செட்டிங்கில் (வேறு தளங்களுக்கு அனுமதி தரும் இடம்) உங்கள் தளத்தின் முகவரியைச் சேருங்கள். கோடில் கிராஸ்ஆரிஜின் முதலில், படத்தின் முகவரியான எஸ்ஆர்சி அதற்குப் பிறகு. வரைவது, படம் இறங்கியபின் ஓடும் ஆன்லோடுக்குள்.

மார்த்தாண்டம் அக்கா:
எச்டிஎம்எல் ஃபைலை டபுள் கிளிக் செய்து திறக்கிறீர்களா? அப்படியானால் அதே ஃபோல்டரில் உள்ள படத்தைக்கூட குரோம் வெளிப்படமாகத்தான் எடுத்துக்கொள்ளும். அந்த ஃபோல்டரில் பைதானின் எச்டிடிபி சர்வரை ஓட்டி, லோக்கல்ஹோஸ்ட் வழியாகத் திறங்கள்.

தோவாளைத் தம்பி:
டபுள் கிளிக் இல்லை அக்கா, ஹோஸ்டிங்கில்தான் இருக்கிறது. அண்ணாச்சி சொன்ன ஹெடர் இல்லவே இல்லை. கார்ஸில் முகவரியைச் சேர்த்ததும் என் லேப்டாப்பில் படம் சேமிக்கிறது! ஆனால் மாமாவின் போனில் இன்னும் பூப் படம் வரவில்லை. அதே பக்கம், அதே கோடு.

நாகர்கோவில் அண்ணாச்சி:
அந்தப் படங்களை முகப்பில் சாதாரண இமேஜ் டேகிலும் காட்டுகிறீர்களா?

தோவாளைத் தம்பி:
ஆமாம் அண்ணாச்சி, பூ வகைகளின் பட்டியல் இருக்கிறது.

நாகர்கோவில் அண்ணாச்சி:
அப்போ கேஷ்தான், அதாவது பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் பழைய நகல். பட்டியலுக்காக முன்பே இறக்கிய படம் போனில் ஹெடர் இல்லாமல் கிடக்கிறது. கேன்வாஸ் கேட்கும்போது பிரவுசர் சர்வருக்குப் போகாமல் அந்தப் பழையதையே எடுத்துக் கொடுத்து, ஹெடர் இல்லையே என்று தானே மறுக்கிறது. இப்போதைக்கு கேன்வாஸ் கேட்கும் முகவரியின் கடைசியில் கேள்விக்குறி போட்டு ஏதாவது ஓர் எழுத்தைச் சேருங்கள், புதிதாக இறங்கும். நிரந்தரமாக வேண்டுமென்றால் பட்டியலில் உள்ள இமேஜ் டேகுகளிலும் கிராஸ்ஆரிஜின் போடுங்கள். கேட்கும் தளத்தைப் பொறுத்துப் பதில் மாறும் என்று பிரவுசருக்குச் சொல்லும் 'வேரி: ஆரிஜின்' ஹெடரை ஸ்டோரேஜ் அனுப்புகிறதா என்றும் பாருங்கள்.

தோவாளைத் தம்பி:
வந்துவிட்டது! மாமா இப்போதுதான் பிச்சி விலையைப் போட்டுக் குழுவில் அனுப்பினார். ரொம்ப நன்றி அண்ணாச்சி, நன்றி அக்கா.

மார்த்தாண்டம் அக்கா:
சந்தோஷம் தம்பி. நேரம் கிடைக்கும்போது டூடேட்டாயூஆர்எல்லை எடுத்துவிட்டு டூபிளாப் போடுங்கள். பெரிய படத்தை நீண்ட எழுத்துச் சரமாக மாற்றுவது பழைய போன்களுக்குப் பாரம். டூபிளாப் தரும் பிளாபை ஃபைலாக மாற்றி, போனின் பகிர்வுப் பட்டியலைத் திறக்கும் நேவிகேட்டர் ஷேருக்குக் கொடுத்தால், மாமா சேமிக்காமலே வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். அதற்குத் தளம் எச்டிடிபிஎஸ்ஸில் இருக்க வேண்டும்.