டெலிகிராஃபுக்குத் தமிழ்: 'ஓங்குநிலை' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வீடியோ கேமில் பூதம் அடிப்பதற்கு முன் காட்டும் அசைவை டெலிகிராஃப் என்கிறார்கள். அதற்கு இந்த இழையில் 'முன்னெச்சரிக்கை', 'முன்குறி' என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. நான் 'ஓங்குநிலை' என்பதை முன்வைக்கிறேன். பெங்களூர் அல்சூரில் ஞாயிறு மாலைகளில் தமிழிலேயே டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதையாக ஆடும் ஆட்டம்) ஆடுகிறோம். அங்கே டிஎம்மாக, அதாவது கதையையும் பூதங்களையும் நடத்துகிறவராக, உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்லிப் பார்த்ததில் கிடைத்த சொல் இது.

முன்னெச்சரிக்கை என்பது அடிபடப் போகிறவர் எடுத்துக்கொள்வது, அதனால் பொருந்தாது. முன்குறி நல்ல சொல்தான். ஆனால் குகைக்குப் போகும் வழியில் கருகிக் கிடக்கும் மரங்கள், ஊரில் காணாமல்போன ஆடுகள் என்று கதை முழுக்க நாம் தூவி வைக்கிறோமே, அவற்றுக்கு அது வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் ஆட்டத்தின் நடுவில் குழப்பம் வரும்.

இந்தச் சொல் மேசைக்கு ஏன் இவ்வளவு அவசியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பூதங்களை வெளியிலிருந்து கடன் வாங்குவது டி அண்ட் டியில் பழைய வழக்கம். ரஸ்ட் மான்ஸ்டரும் அவுல்பேரும் மலிவான பிளாஸ்டிக் பொம்மைகளைப் பார்த்து, டி அண்ட் டியை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் உருவாக்கியவை. பொம்மையிலிருந்து உருவம் கிடைத்தது. வீடியோ கேமிலிருந்து நாம் எடுக்க வேண்டியது நடத்தையை. டி அண்ட் டி விதிகளின் 2014 பதிப்பில் வரும் டிராகனைப் பாருங்கள். தன் முறை தொடங்கும்போது ஆறுமுகப் பகடையில் 5 அல்லது 6 விழுந்தால், ஏற்கெனவே ஊதித் தீர்ந்த நெருப்பு மூச்சு திரும்பிவிடும், அதே முறையில் ஊதியும்விடலாம். ஆடுகிறவருக்கு யோசிக்க இடமே இல்லை. எங்கள் மேசையில் 5, 6 விழுந்தால் டிராகன் மூச்சை உள்ளிழுத்து நிற்கும், தொண்டை சிவக்கும், அவ்வளவுதான். ஊதுவது அடுத்த முறை. இடையில் ஒருவர் தூணுக்குப் பின்னால் ஓடுவார், இன்னொருவர் அதன் வாயைக் கட்டப் பார்ப்பார். டிராகனுக்கு ஊதும் முறை ஒன்று வீணாவதால் மூச்சின் சேதத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்கிறோம். அப்புறம் மேசையில் யாரும் போனைப் பார்ப்பதில்லை!

'கை ஓங்கினான்' என்றால் அடி இன்னும் விழவில்லை, விலகலாம், கையைப் பிடிக்கலாம் என்பது தமிழ் பேசும் எவருக்கும் தெரியும். ஆபத்தும் அவகாசமும் ஒரே வினையில் இருக்கின்றன. வெறும் 'ஓங்கல்' போதாதா என்று கேட்கலாம். அதற்கு மலை என்ற பழம்பொருள் உண்டு. தவிர, இங்கே 'நிலை' தேவைப்படுகிறது. 2022-இல் வந்த எல்டன் ரிங் என்ற வீடியோ கேமில் மார்கிட் என்ற எதிரி கோலை ஓங்கியபடியே தாமதித்து, நாம் விலக உருண்டு முடித்தபின் அடிப்பான். மேசையிலோ இது ஒரு முறையிலிருந்து அடுத்த முறைவரை நீடிக்கும்.

டிராகனுக்குக் கை எங்கே என்ற கேள்வி வரும். 'குரல் ஓங்கியது' என்று சொல்லும்போது நாம் கையைத் தேடுவதில்லையே.

வினையாக 'ஓங்கி நிற்கிறது' போதும். கேடயத்தால் மோதியோ மந்திரம் போட்டோ அதைக் கெடுப்பதற்கு 'ஓங்குநிலையைக் கலைத்தல்' என்கிறோம். 'முறித்தல்' என்றும் ஒருவர் சொன்னார், எனக்கு அது ஆயுதம் உடைவதுபோல் கேட்கிறது. இந்த இரண்டில் எது உங்கள் காதுக்குச் சரியாகப் படுகிறது?

அன்புடன்,
அல்சூர் மேசையிலிருந்து