தூக்குமேடையில் வீசப்பட்ட சங்கேதத் தாள்: லா பூஸ் கதையில் எது உண்மை?

கேள்வி (மாட்டுங்கா):
அனைவருக்கும் வணக்கம். கோவாவிலிருந்து தாயகம் திரும்பிய போர்த்துகீசிய வைஸ்ராய் ஒருவரின் கப்பலைக் கடற்கொள்ளையர் கைப்பற்றிய செய்தியைத் தேடிப் படிக்கப்போய், இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் 1730 ஜூலை 7 அன்று தூக்கிலிடப்பட்ட ஒலிவியே லெவாஸேர் என்ற பிரெஞ்சுக் கடற்கொள்ளையரிடம் வந்து சேர்ந்தேன். ‘லா பூஸ்’ என்பது அவருடைய பட்டப்பெயர். பருந்தினப் பறவை ஒன்றைக் குறிப்பது. கழுத்தில் கயிறு விழுவதற்கு முன் அவர் சங்கேதத் தாள் ஒன்றைக் கூட்டத்துக்குள் வீசி, இதைப் படிக்கத் தெரிந்தவருக்கே என் புதையல் என்று கூவினாராம். இது வரலாறா, பின்னால் கட்டிய கதையா?

மறுமொழி (செம்பூர்):
கொள்ளை உண்மை, தூக்கும் உண்மை. 1721 ஏப்ரலில் ‘நோசா செஞோரா தோ காபோ’ என்ற கப்பல் புயலில் சிக்கிப் பீரங்கிகளில் பெரும்பாலானவற்றை இழந்து, அன்று பூர்போன் எனப்பட்ட அத்தீவின் சாந்தெனி துறையில் நங்கூரமிட்டிருந்தது. எதிர்த்து நிற்க வலுவற்றிருந்த அக்கப்பலை லெவாஸேரும் ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயரும் சேர்ந்து பிடித்தனர். வைஸ்ராயான எரிசெய்ரா பிரபு மீட்புப்பணம் கொடுத்தே விடுதலை பெற்றார்.

ஆனால் அந்தத் தாளை நான் நம்பவில்லை. பதினேழு வரிகள் கொண்ட அந்தச் சங்கேதத்தை ஷார்ல் த லா ரோன்சியேர் என்ற பிரெஞ்சு வரலாற்றாசிரியர் அச்சில் வெளியிட்டது 1934இல்தான். அதாவது தூக்கு நடந்து இருநூறு ஆண்டுகள் கழிந்த பிறகு. எழுத்துகளைப் பெயர்த்துப் பார்த்தவர்களுக்குக் கிடைத்ததும் புதையலுக்கான வழியன்று. ஒரு ஜோடிப் புறாவை எடுத்துக்கொள்ளுங்கள் என்று தொடங்கும் குழம்பிய பிரெஞ்சுதான். அது எனக்கு நாட்டு வைத்தியக் குறிப்பைப் போலவே தோன்றுகிறது.

மறுமொழி (முலுண்டு):
வணிகக் கப்பலில் பணியாற்றிய காலத்தில் ரீயூனியனில் சாம்போல் ஊரின் கடலோரக் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்றிருக்கிறேன். அங்கே லா பூஸின் கல்லறை என்று காட்டப்படும் இடத்தில், மண்டையோடும் குறுக்கெலும்புகளும் செதுக்கிய கல் சிலுவையின் அடியில் யாரோ ரம்மும் சிகரெட்டும் வைத்திருந்தார்கள். நம் ஊர்களில் சில காவல் தெய்வங்களுக்குச் சாராயமும் சுருட்டும் படைப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, தமிழ் வம்சாவளியினர் பெருமளவில் வாழும் அந்தத் தீவில் அக்காட்சி அந்நியமாகவே படவில்லை. அந்தத் தோட்டம் திறக்கப்பட்டதே 1788இல் என்று பின்னர் அறிந்தேன். அப்படியானால், 1730இல் மாண்டவரை முதலில் அங்கே புதைத்திருக்க முடியாது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்படியிருந்தும் ரெஜினால்ட் குரூஸ்-வில்கின்ஸ் என்ற ஆங்கிலேயர் செஷல்ஸின் மாஹே தீவில், பெல் ஓம்ப்ர் கடற்கரையில், பல ஆண்டுகள் பாறையைக் குடைந்தாரே, எதை நம்பி?

மறுமொழி (செம்பூர்):
அதே சங்கேதத்தையும் கரைப் பாறைகளில் தெரிந்த செதுக்கல்களையும் நம்பித்தான் ஐயா. அவருக்குப் பின் மகனும் தோண்டினார். லா பூஸின் புதையல் அங்கே கிடைக்கவில்லை.