துபாய் டின் ஆலிவ் எண்ணெய்: சமையலை விட்டால் வேறு எதற்கு ஆகும்?

மாம்பலம்மீரா:
நாத்தனார் துபாயிலிருந்து வரும்போது 3 லிட்டர் ஆலிவ் எண்ணெய் டின் கொண்டுவந்தார். எக்ஸ்ட்ரா வர்ஜின். போன ஆடியில் திறந்தது. தாளித்தால் பிள்ளைகள் "ரசத்துல என்னமோ வாடை" என்று தட்டைத் தள்ளுகிறார்கள். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் தயிர் கேட்கிறார். பாதி டின் அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் அப்படியே கிடக்கிறது, கொட்ட மனசு வரவில்லை. தலைக்கு, முகத்துக்கு, மரச்சாமானுக்கு, கதவுக் கீலுக்கு என்று ஆளாளுக்கு வீடியோ போடுகிறார்கள். நிஜமாகவே எதற்கு ஆகும், எதற்கு ஆகாது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், கேள்விப்பட்டது வேண்டாம்.

கோவைசெல்வி:
எல்லாவற்றுக்கும் ஆகும் மீரா! எங்கள் வீட்டில் 12 வருஷமாக இதுதான். என் இரண்டு பிள்ளைகளுக்கும் கால் நீட்டிக் குளிப்பாட்டிய பாட்டி இதைத்தான் தேய்த்தார். ராத்திரி மை கலைக்க, பாத வெடிப்புக்கு, தோல் செருப்புக்கு, கிறீச்சிடும் கதவுக்கு, தேக்கு ஊஞ்சலுக்கு. அந்த ஊஞ்சலில் துணியால் ஒரு கை துடைத்துப் பாருங்கள், கண்ணாடி மாதிரி மின்னும்.

செக்குமாடு:
வெளிநாட்டு எண்ணெய்க்கு இவ்வளவு விளம்பரமா? நல்லெண்ணெய் செய்யாத எதை இது செய்துவிடும்? அதோடு நீங்கள் வைத்திருப்பது அசல்தானா என்று பாருங்கள். ஃபிரிட்ஜில் வையுங்கள். உறையாவிட்டால் கலப்படம்.

தச்சுப்பட்டறை:
செல்வி அக்கா, ஊஞ்சல் மின்னியது முதல் நாள். மூன்றாம் மாதம் எப்படி இருந்தது என்று சொல்லவில்லையே?

நான் 26 வருஷமாக மரவேலை. போன வருஷம் ஒரு வீட்டில் இதே கதை. ஊஞ்சல் பலகைக்கு மாதாமாதம் ஆலிவ் எண்ணெய் பூசியிருந்தார்கள். பலகையில் உள்ளங்கையை வைத்தேன், ஒட்டிக்கொண்டு வந்தது. தூசி, தலைமுடி, பஞ்சு எல்லாம் ஏறி, விரல் நகத்தால் கீறினால் கறுப்புப் பிசின் சுருள் சுருளாக வருகிறது. உப்புத்தாள் போட்டால் தாள் இரண்டு இழுப்பில் அடைத்துக்கொண்டது. சுரண்டி எடுக்கவே ஒரு நாள் கூலி.

காரணம் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. எண்ணெயில் காயும் எண்ணெய், காயாத எண்ணெய் என்று உண்டு. ஆளிவிதை எண்ணெய், அதாவது நாங்கள் லின்சீட் என்று சொல்வது, காற்றுப் பட்டதும் இறுகிப் படலமாகும். அதனால்தான் மரத்துக்கு அது. அயோடின் எண் என்று ஒரு கணக்கு இருக்கிறது. லின்சீடுக்கு 170-க்கு மேல், நல்லெண்ணெய்க்கு 100-ஐத் தாண்டி, ஆலிவுக்கு 75-லிருந்து 94 வரை, தேங்காய்க்குப் பத்து வாக்கில். எண் குறையக் குறைய எண்ணெய் காயாது. ஆலிவை மரத்தில் பூசினால் அது மரத்திலேயே ஈரமாகக் கிடந்து காறிப்போகும், அவ்வளவுதான்.

(லின்சீட் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டு அப்புறம் எறியுங்கள்.)

காய்கறி வெட்டும் பலகைக்கு உணவுத் தரமான லிக்விட் பாரஃபின் போதும். மலிவு, காறாது.

கோவைசெல்வி:
எங்கள் ஊஞ்சல் ஒட்டவில்லை தம்பி. வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைக்கிறேன்.

தச்சுப்பட்டறை:
அப்படியென்றால் பூசிய எண்ணெயை நீங்களே துடைத்து எடுத்துவிடுகிறீர்கள். ஊஞ்சல் உங்கள் உழைப்பில் மின்னுகிறது அக்கா, எண்ணெயில் இல்லை.

கோவைசெல்வி:
:) சரி, கீல்?

தச்சுப்பட்டறை:
அதுவும் அதே பிசின் கதைதான். இரண்டு மாதம் சத்தம் நிற்கும், அப்புறம் கீலுக்குள் கறுப்பு மெழுகு கட்டும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள். நல்லெண்ணெய் விட்டால் இன்னும் சீக்கிரம் பிசினாகும், செக்குமாடு அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. தேங்காயெண்ணெய் பிசினாகாது, ஆனால் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். ஊட்டியில் என் மாமியார் வீட்டுத் தையல் மெஷின் மார்கழிக் காலையில் சக்கரமே சுற்றாது.

பார்மஸிகுமார்:
மருந்தாளுநராகக் கொஞ்சம் சொல்கிறேன். முதலில் ஃபிரிட்ஜ் சோதனை. அது சோதனையே இல்லை. நல்ல ஆலிவ் எண்ணெயே ரகத்துக்கு ரகம் வேறு வேறு குளிரில் கலங்கும், சிலது நாள் கணக்கில் வைத்தாலும் முழுதாக உறையாது. கலப்பட எண்ணெயும் உறையலாம்.

அடுத்து, குழந்தைக்குத் தேய்ப்பது. இதில் செல்வி அம்மாவோடு எனக்கு உடன்பாடு இல்லை. மருந்துக்கடையில் சின்னத் தகர டப்பாவில் ஆலிவ் எண்ணெய் விற்பதே பெரும்பாலும் பிள்ளை பெற்ற வீட்டுக்குத்தான், நானும் விற்கிறேன். ஆனால் 2013-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தார் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முன்கையில் தினமும் சில சொட்டு ஆலிவ் எண்ணெய், சில வாரங்கள். தோலின் மேலடுக்கு நலிந்து லேசாகச் சிவந்தது. சூரியகாந்தி எண்ணெய் தடவிய கையில் அந்தக் கெடுதல் இல்லை. ஆலிவில் ஓலியிக் அமிலம் அதிகம். பாதியிலிருந்து 80 சதவீதம் வரை இருக்கும். அது தோல் செல்களுக்கு நடுவே இருக்கும் கொழுப்பு அடுக்கைக் குலைக்கிறது. கரப்பான் (எக்ஸிமா) உள்ள குழந்தைக்கு இதைத் தேய்ப்பது விறகு அள்ளிப் போடுவது மாதிரி.

கோவைசெல்வி:
அந்த ஆய்வில் இருந்தவர்கள் குழந்தைகளா?

பார்மஸிகுமார்:
இல்லை, பெரியவர்கள். 19 பேர்.

கோவைசெல்வி:
19 பெரியவர்கள்! தடவி அப்படியே விட்டிருப்பார்கள், இல்லையா? நாம் அப்படியா செய்கிறோம்? பாட்டி கால்மேல் போட்டு எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, பயத்தமாவு போட்டு அலசி, அரைமணி நேரத்தில் தொட்டிலில் போட்டுவிடுவார். குழந்தை மேலே எண்ணெய் எவ்வளவு மிஞ்சும்? எங்கோ ஷெஃபீல்டில் வேறு மாதிரி செய்ததை எங்கள் குளியலறைக்குள் கொண்டுவந்து தீர்ப்புச் சொல்கிறீர்கள்.

காயல்லாத்தா:
செல்வி சொல்வதில் ஞாயம் இருக்கிறது. எங்கள் பக்கம் இது ஜைத்தூன் எண்ணெய். சாப்பிடுங்கள், பூசிக்கொள்ளுங்கள் என்று ஹதீஸிலேயே வருகிறது. என் உம்மாவின் அலமாரியில் ஒரு சிறு குப்பி எப்போதும் இருக்கும். முட்டி வலிக்கு, வறண்ட கைகாலுக்கு, பிள்ளை பெற்றவள் வயிற்றுக்கு. வலி போனது எண்ணெயாலா, உம்மா அரைமணி நேரம் பிடித்துவிட்டதாலா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஒன்று, உம்மா அந்தக் குப்பியை ஒருநாளும் அடுப்பங்கரையில் வைத்ததில்லை. மீரா அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருப்பதாக எழுதியதைப் படித்ததும் திக்கென்றது.

பார்மஸிகுமார்:
செல்வி அம்மா, கழுவிவிடுவது பெரிய வித்தியாசம்தான், ஒப்புக்கொள்கிறேன். தோல் நன்றாக இருக்கும் குழந்தைக்குத் தேய்த்துக் குளிப்பாட்டினால் நான் தடுக்க மாட்டேன். கரப்பான், சிவப்பு, செதில் எது இருந்தாலும் வேண்டாம். குளித்த பிறகு மாய்ச்சரைசர் மாதிரி தடவி விடுவதும் வேண்டாம். இதற்கு மேல் இறங்கி வர மாட்டேன்.

கோவைசெல்வி:
இவ்வளவு இறங்கியதே போதும் சார். தலைக்கு?

பார்மஸிகுமார்:
பொடுகு இல்லாவிட்டால் சரி. பொடுகு இருந்தால் கூடாது. பொடுகுக்குப் பின்னால் மலசீசியா என்ற ஈஸ்ட் இருக்கிறது. தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே செய்துகொள்ள அதற்குத் தெரியாது, வெளியிலிருந்து கிடைக்க வேண்டும். ஆய்வகத்தில் அதை வளர்க்க என்ன செய்வார்கள் தெரியுமா? தட்டில் ஊடகத்தின் மேல் ஆலிவ் எண்ணெய் ஊற்றுவார்கள்.

செக்குமாடு:
பார்த்தீர்களா! தேங்காயெண்ணெய்தான் முடிக்கு என்று 2003-லேயே ஆய்வு வந்தாயிற்று. முடியின் புரதம் கரைவதைக் குறைக்கிறது, மற்ற எண்ணெய்கள் குறைக்கவில்லை.

கோவைசெல்வி:
அந்த ஆய்வைச் செய்தது மாரிக்கோவின் ஆராய்ச்சிப் பிரிவு. பாராசூட் விற்கிற அதே மாரிக்கோ. ஒப்பிட்டது சூரியகாந்தி எண்ணெயோடும் மினரல் எண்ணெயோடும். ஆலிவ் அந்தப் பந்தயத்தில் ஓடவே இல்லை அண்ணா.

பார்மஸிகுமார்:
இரண்டும் உண்மை. தேங்காயின் லாரிக் அமிலம் சின்ன மூலக்கூறு, முடிக்குள் நுழைகிறது என்பதும் உண்மைதான். யார் காசு போட்டார்கள் என்று கேட்பது தப்பில்லை.

காதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். குறும்பி இறுகினால் ஆலிவ் எண்ணெய்ச் சொட்டு விடுவது பிரிட்டனின் அரசு மருத்துவத் துறையே சொல்லும் வழி. 2, 3 சொட்டு, சில நாள், இளகித் தானாக வெளியேறும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால், காது வடிந்தால், வலித்தால் கூடாது. பூண்டு போட்டுக் காய்ச்சி ஊற்றுவதும் கூடவே கூடாது. மீராவின் டின்னிலிருந்து எடுத்தும் ஊற்றாதீர்கள், மருந்துக்கடைக் குப்பி வாங்குங்கள். அந்த டின்னில் என்ன வாடை வருகிறது மீரா?

மாம்பலம்மீரா:
இப்போதுதான் போய் மூடியைத் திறந்து முகர்ந்தேன். புதிதாகத் திறந்தபோது பச்சைப் புல் மாதிரி, தொண்டையில் லேசாகக் காரம் அடித்தது. இப்போது பழைய வேர்க்கடலை டப்பா வாடை. பிள்ளையின் மெழுகு கிரேயான் பெட்டியைத் திறந்த மாதிரியும் இருக்கிறது.

பார்மஸிகுமார்:
காறிப்போய்விட்டது. சூடும் காற்றும் ஆலிவுக்கு எமன். பாட்டிலாக இருந்தால் வெளிச்சமும். இனி இது வாய்க்கும் வேண்டாம், முகத்துக்கும் வேண்டாம், தலைக்கும் வேண்டாம். உங்கள் பிள்ளைகள் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. மூன்று நாளாக நாம் போட்ட சண்டையில் பாதி கெடாத எண்ணெய்க்குத்தான் பொருந்தும்.

கோவைசெல்வி:
ஐயோ, இதை முதலில் கேட்டிருக்க வேண்டியது நான். நான் அரை லிட்டர் பாட்டில்தான் வாங்குவேன், இரண்டு மாதத்தில் தீர்ந்துவிடும்.

சோப்புக்கடைசுதா:
சோப்பு காய்ச்சலாமே! இந்த எண்ணெய்க்குப் பழைய தொழிலே அதுதான். 1688-ல் பிரான்சின் பதினான்காம் லூயி மன்னர் மார்செய் நகரத்துச் சோப்புக்கு ஆலிவ் எண்ணெய் தவிர வேறு எதுவும் சேர்க்கக் கூடாது என்று சட்டமே போட்டார். பாலஸ்தீனத்தின் நப்லூஸில் இன்னமும் சோப்புக் கட்டிகளை ஆள் உயரத்துக்கு மேல் கூம்பாக, நடுவில் காற்றுப் போக இடம்விட்டு அடுக்கிக் காயவைக்கிறார்கள். நப்லூஸ் சோப்பு, சிரியாவின் அலெப்போ சோப்பு இரண்டும் 2024-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறின.

1 கிலோ ஆலிவ் எண்ணெய் முழுதாகச் சோப்பாக ஏறத்தாழ 134 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். 5 சதவீதம் குறைத்து 127 போடுங்கள், கை எரியாது. டிஜிட்டல் தராசு இல்லாமல் இறங்காதீர்கள். காஸ்டிக்கைத் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைக் காஸ்டிக்கில் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறை, கண்ணாடி கட்டாயம். அலுமினியப் பாத்திரம் எடுத்தால் பொங்கி ஹைட்ரஜன் கிளம்பும். எவர்சில்வர் எடுங்கள். பிள்ளைகள் வீட்டில் இல்லாத நாளாகப் பாருங்கள்.

காறிய எண்ணெய் என்பதால் கட்டியில் ஆரஞ்சுப் புள்ளி விழும், பாத்திரம் தேய்க்க ஆகும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தனி ஆலிவ் சோப்பு ஆறு வாரமாவது காய வேண்டும், ஆறு மாதம் விட்டால் இன்னும் நல்லது. சென்னை போர் தண்ணீரில் நுரை எதிர்பார்க்காதீர்கள், திரிதிரியாகத்தான் வரும்.

செக்குமாடு:
ஆறு மாதம் காயவைத்து, நுரைக்காத சோப்பு. 10 ரூபாய்க்குக் கடையில் கிடைக்கிறது.

சோப்புக்கடைசுதா:
அண்ணா, முறுக்கும்தான் கடையில் கிடைக்கிறது. வீட்டில் ஏன் பிழிகிறோம்?

காயல்லாத்தா:
மீரா, விளக்கு ஏற்றிப் பாருங்கள். ஜெருசலேம், ரோம் பக்கமெல்லாம் ஆயிரக்கணக்கான வருஷம் விளக்குக்கு ஊற்றியது இதுதான். காறினாலும் எரியும்.

தச்சுப்பட்டறை:
நானும் ஒன்று விட்டுக்கொடுக்கிறேன். கையில் எனாமல் பெயின்ட் ஒட்டினால் என் பையன்கள் தின்னரில் கழுவித் தோலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பெயின்ட் காய்வதற்குள் எண்ணெயும் சர்க்கரையும் வைத்துத் தேய்த்து, அப்புறம் சோப்புப் போட்டால் போய்விடும். எந்த எண்ணெயும் ஆகும். காறிய ஆலிவும் ஆகும். பலாப்பழப் பிசினுக்கும் அப்படியே.

மாம்பலம்மீரா:
ஞாயிற்றுக்கிழமை நிலவரம். காஸ்டிக் சோடாவுக்கு வீட்டுக்காரர் தடா போட்டுவிட்டார். மரம், கீல் இரண்டையும் தொடவில்லை.

மச்சினர் கல்யாணத்தில் வந்த எவர்சில்வர் தட்டு 6, சம்புடம் 4, ஒன்றரை வருஷமாக ஸ்டிக்கரோடு பரணில் கிடந்தன. அடுப்பில் லேசாகக் காட்டி மேல்தாளை உரித்தேன், பசை மட்டும் வட்டமாக நின்றது. அதன் மேல் எண்ணெயைத் தடவிப் பத்து நிமிஷம் விட்டு, பழைய பனியன் துணியால் வழித்தால் பசை உருண்டு உருண்டு வந்தது. முதல் தட்டில் தேங்காய் நார் போட்டுக் கீறலாக்கிவிட்டேன், அடுத்த ஒன்பதும் பழுதில்லை. அப்புறம் சபீனா போட்டு ஒரு கழுவு.

விளக்குக்கு மாமியார் "சாமி மாடத்துல அது வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். பால்கனியில் துளசித் தொட்டிக்குப் பக்கத்தில் மண் அகலில் ஏற்றினேன். ஏழரை மணிக்கு ஏற்றியது பத்தரைக்கும் எரிந்தது, புகை அதிகமில்லை. ஆனால் எரியும்போதும் அந்தக் கிரேயான் வாடை லேசாக வருகிறது.

டின்னில் இன்னும் ஒரு லிட்டருக்கு மேல் இருக்கிறது. பழைய ஸ்டிக்கர் பாத்திரம் யார் வீட்டிலாவது இருக்கிறதா?